மூணு புள்ளியும் மூவாயிரத்து முந்நூறும்

எங்கள் வீட்டு இரும்புப் பட்டறையில் செய்கிற கத்திக்கு விலை சொல்கிற வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், மற்ற இரண்டு பேருக்கும் அது வாயில் வராது என்பதுதான். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, எழுபது தாண்டிவிட்டது. அவர் உலையில் உட்கார்ந்த காலத்தில் கொழு தட்டுவதற்கும் கதிரரிவாளுக்குக் கருக்கு வைப்பதற்கும் யாரும் அன்றன்றைக்குக் காசு கொடுத்ததில்லை. அறுப்பு முடிந்ததும் களத்திலிருந்து நெல் வரும், அதோடு கணக்கு தீர்ந்தது. இன்றைக்கும் யாராவது "எவ்வளவு ஆசாரி?" என்று கேட்டால் "குடுக்கிறதக் குடுங்க" என்பார். அத்தான், என் கணவர், அதற்கும் ஒரு படி மேல். விலையைச் சொல்லிவிட்டு, வந்தவர் வாயைத் திறப்பதற்குள் தானாகவே நூறு ரூபாய் குறைத்துவிடுவார். நான் கல்யாணத்துக்கு முன்னால் திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டவள். சொன்ன விலைக்கு நிற்பது எப்படி என்று அங்கே கற்றுக்கொண்டேன்.

பட்டறை வீரவநல்லூரில். அரிவாள், கோடாலி, மண்வெட்டிதான் பரம்பரைத் தொழில். அத்தான் கோயம்புத்தூரில் ஒரு டூல் ரூமில் கிரைண்டிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சமையல் கத்தி செய்யலாம் என்ற யோசனை அவருடையது. மாமா பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து உருவாக்குவார். அத்தான் பேரிங் செய்கிற என்31 எஃகைப் பட்டையாக வாங்கி, வடிவத்துக்கு வெட்டி, பெல்ட் கிரைண்டரில் இழைத்து எடுப்பார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு தொழில் என்றே சொல்லலாம்.

முதலில் விலை வைத்தது மற்றவர்களைப் பார்த்துத்தான். பாத்திரக்கடையில் 150 ரூபாய்க்குக் கத்தி தொங்குகிறது, நாம் கையால் செய்கிறோம், 800 சொல்லலாம் என்றார் அத்தான். சரி, சொல்வதற்கு முன்னால் எழுதிப் பார்ப்போம் என்று நோட்டை எடுத்தேன்.

7 அங்குல சமையல் கத்திக்கு எஃகு 160 ரூபாய். யாரும் நினைத்துப் பார்க்காத செலவு, கிரைண்டரில் ஓடுகிற உப்புத்தாள் பெல்ட்தான். 36-ஆம் நம்பரில் ஆரம்பித்து 60, 120, 220, 400 என்று மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும், தோய்ச்சல் போட்ட, அதாவது காய்ச்சி எண்ணெயில் இறக்கிக் கடினமாக்கிய எஃகு பெல்ட்டைத் தின்றுவிடும். ஒரு கத்திக்கு 220 ரூபாய் அதிலேயே போகிறது. உலைக்குக் கரியும் கேஸும் 90. பிடிக்குப் பனை வைரமோ புளியங்கட்டையோ, சராசரியாக 120. பித்தளை ஆணியும் அரால்டைட்டும் 60. கரண்டு 50. தோல் உறையும் அட்டைப் பெட்டியும் 180. கூட்டினால் 880. இதுவே அத்தான் சொன்ன 800-ஐத் தாண்டிவிட்டது. இன்னும் கூலி ஆரம்பிக்கவே இல்லை.

கூலிக்கு என்ன அளவுகோல் என்பதில்தான் வீட்டில் கொஞ்சம் சத்தம். "நம்ம வீட்டு வேலைக்கு நாமே கூலி போடுவோமா?" என்றார் அத்தான். பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் வாங்குகிறார். அவர் கைவேலைக்குக் குறைந்ததா இது? மணிக்கு 150 என்று போட்டேன். வெட்டுவது, இழைப்பது, தோய்ச்சல், பிடி போடுவது, கூர் வைப்பது எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம், 1,050 ரூபாய். ஒரு கத்திக்கு ஏறக்குறைய ஒரு கொத்தனார் நாள்.

அப்புறம் உடைவது. என்31 எஃகை 820, 830 டிகிரிக்குக் கொண்டுபோய் எண்ணெயில் இறக்க வேண்டும். கத்தி எண்ணெய்க்குள் போன நொடி புஸ்ஸென்று பொங்கும், பிறகு அடங்கும். சில சமயம் அடங்குகிற நேரத்தில் உள்ளேயிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். கண்ணாடி வளையல் உடைகிற அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் பட்டறையில் எந்த மூலையில் இருந்தாலும் கேட்கும். மாமா தலையைக்கூடத் திருப்பாமல் "போச்சு" என்பார். வெளியே எடுத்துத் துடைத்தால் விளிம்பிலிருந்து தலைமுடி கணக்காக ஒரு கீறல். பத்துக்கு ஒன்று இப்படிப் போகிறது. நல்லவேளையாக இது பிடி போடுவதற்கு முன்னால் நடக்கிறது என்பதால் எஃகும், உலைச் செலவும், பெல்ட்டிலும் கூலியிலும் பாதியும் மட்டும்தான் நட்டம். அதை மீதி ஒன்பதின் மேல் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய 100 ரூபாய் வருகிறது. போட்டோ எடுப்பது, வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது, கூரியர் கடையில் "உள்ள என்ன, கத்தியா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்சலைப் பிரித்துக் காட்டித் திரும்பக் கட்டுவது, இதெல்லாம் என்னுடைய ஒரு மணி நேரம். அதற்கும் 150 போட்டேன். அத்தான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஆக, அடக்கம் 2,180.

வரி ஒரு தனிக் கதை. மாமா அடிக்கிற அரிவாள் விவசாயக் கைக்கருவி, அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே உலையில் அத்தான் செய்கிற சமையல் கத்திக்கு 18 சதவீதம். 2022 ஜூலை வரை 12 ஆக இருந்தது. வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு, நம் வியாபாரம் சின்னது, அதை எங்கே தாண்டப்போகிறது என்று நினைத்திருந்தோம். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பி விற்றால் அந்த வரம்பெல்லாம் பேசாது, பதிவு எடுத்துவிடுங்கள் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். எங்கள் கத்திகளில் பாதி பெங்களூருக்குத்தான் போகிறது. அதனால் வரியையும் சேர்த்து 3,300 என்று வைத்தேன். வரி போக கைக்கு 2,796 வரும், அதில் அடக்கம் கழித்தால் 616 மிச்சம். மோட்டார் காயில் எரிந்தால் கட்டுவதற்கும், ஆர்டரே வராத ஆடி மாதத்தை ஓட்டுவதற்கும் இந்த 616 தான்.

2,999 என்று போட்டால் நன்றாக ஓடும் என்று என் தம்பி சொன்னான். பாட்டா விலை எனக்குப் பிடிக்காது. ஜவுளிக்கடையில் தினமும் அந்த ஒரு ரூபாய்க்குச் சில்லறை தேடியவள் நான்.

இனி, இந்த விலையை யாரிடம் சொல்வது என்பது. அக்கம்பக்கத்தில் சொன்னால் "கத்திக்கு மூவாயிரமா? எம்மா, தங்கத்துல செய்தியளா?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. நானே மீனுக்கும் கீரைக்கும் அரிவாள்மனையில்தான் உட்காருகிறேன். வீட்டுச் சமையலுக்கு 150 ரூபாய்க் கத்தி போதாது என்று யாரிடமும் நான் வாதாடுவதில்லை.

ஆனால் மாமாவிடம் வருகிற பனையேறிகளைப் பார்த்திருக்கிறேன். ஆலங்குளம் பக்கத்திலிருந்து வருவார்கள். பாளை அரிவாள் வாங்க வருகிறவர் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். கருக்கில் கட்டைவிரலை வைத்துக் குறுக்காகத் தடவிப் பார்ப்பார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், பிடித்திருந்தால் கேட்டதற்கு மேலேயே வைத்துவிட்டுப் போவார். பாளையின் நுனியை ஒவ்வொரு தரமும் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். கருக்கு மழுங்கி பாளை நசுங்கினால் பதநீர் இறங்காது, அன்றைய ஏற்றம் வீண். கூரில் பிழைப்பு இருக்கிறவருக்கு விலை இரண்டாவது கேள்விதான். அப்படிப்பட்ட ஆள் சமையலில் யார் என்று தேடினேன். கல்யாண சமையல் மாஸ்டர்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். கையோடு ஒரு முழ நீள வாழைத்தண்டு கொண்டுவந்திருந்தார். பட்டறைத் திண்ணையில் பலகையைப் போட்டு, கத்தியை எடுத்துத் தண்டை வட்டம் வட்டமாக நறுக்கினார். ஒவ்வொரு வட்டத்துக்கும் நாரை விரலில் சுற்றி இழுத்துக்கொண்டே போனார். நறுக்குகிற கை நிற்கவில்லை, கண் என் மேலும் கத்தி மேலும் இல்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதித் தண்டு போனதும் நிறுத்தி, "தங்கச்சி, வெட்டு நல்லா இருக்கு. ஆனா விரல் பலகையில இடிக்குது பாருங்க" என்று கையைத் திருப்பி முட்டியைக் காட்டினார். தோல் சிவந்திருந்தது. பிடியை ஒட்டிய குதிகால் பக்கம் கத்தியின் அகலம் போதவில்லை. அத்தான் அடுத்த தடவையிலிருந்து 3 மில்லிமீட்டர் கூட்டினார். 3,300 பற்றி மாஸ்டர் கேட்ட ஒரே கேள்வி, "சாணைக்கு எங்க வரணும்?"

அந்தக் கேள்வியால் விலைக்குள் இன்னொரு வாக்குறுதி சேர்ந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் நாங்களே சாணை பிடித்துத் தருகிறோம். கூரியர் செலவு போகவர உங்களுடையது. நேரில் வந்தால் காபி உண்டு. இது எஃகு கறுக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எலுமிச்சை வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் நீலமும் சாம்பலுமாகக் கறை ஏறும், ஈரத்தோடு விட்டால் துரு பிடிக்கும். பளபளவென்றே இருக்க வேண்டும் என்பவர்கள் ஸ்டெயின்லெஸ் வாங்கிக்கொள்வது உத்தமம். இதைச் சொன்னால் சில ஆர்டர் போகிறது. போகட்டும். கறுத்துப்போச்சு என்று திரும்பி வருகிற கத்திக்குச் செலவழிகிற நேரத்தில் நான் இன்னொன்றை விற்றுவிடுவேன்.

விலைக்கே இவ்வளவு என்றால், பெயருக்கு ஊரே ஆலோசனை சொன்னது.

"நெல்லை அருவா" என்று வை, திருநெல்வேலி என்றாலே அரிவாள்தானே, தானாகப் பேசும் என்றார்கள். சினிமாவில் எங்கள் ஊர்க்காரன் முதுகுக்குப் பின்னாலிருந்து உருவுகிற அந்த அரிவாளைத்தான் சொல்கிறார்கள். அது விற்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு வருகிறவர் யார்? "மைனி, நீளமா ஒண்ணு வேணும், சும்மா போட்டோவுக்குத்தான்" என்று போன் செய்கிற தம்பிகள். அவர்களுக்கு எங்களிடம் சரக்கு இல்லை. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆகாத ஆயுதம் 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதச் சட்டம் குறுக்கே வரும் என்பது ஒரு பக்கம். சட்டமே இல்லாவிட்டாலும் செய்யப்போவதில்லை. காய்கறி நறுக்குகிற கத்திக்கு வெட்டுக்குத்தின் பெயரை வைத்துவிட்டுப் பிறகு வாடிக்கையாளரைக் குறை சொல்ல முடியாது. தவிர, ஊர்ப் பெயரை மட்டும் வைத்து டிரேட்மார்க் வாங்குவதும் லேசில் நடக்காது. நெல்லை எல்லாருக்கும் பொது.

இன்னொரு கூட்டம் 2025 ஜனவரியில் கிளம்பியது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. 3345 வரைக்கும் போகிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. அன்று சாயங்காலமே மூன்று பேர், பெட்டியில் '5,300 ஆண்டு இரும்பு மரபு' என்று அச்சடி என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தாமிரபரணி எங்களைத் தாண்டித்தான் அந்தப் பக்கம் போகிறது. ஆதிச்சநல்லூரில் நூறு வருஷத்துக்கு முன்பே இரும்புச் சாமான்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் எஃகு லாரிக்கு அடியிலிருந்தும் கோயம்புத்தூர் ஸ்டாக்கிஸ்டிடமிருந்தும் வருகிறது. பெட்டியில் அப்படிப் போட்டுவிட்டு, "இது என்ன எஃகு?" என்று ஒருவர் கேட்டால் நான் என்ன சொல்ல?

இருட்டுக்கடை அல்வாக் கடைக்குப் போர்டா இருக்கிறது, பெயரே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அந்தக் கடைக்கு எதிரே நெல்லையப்பர் கோயில் இருக்கிறது அண்ணாச்சி, எங்கள் பட்டறைக்கு எதிரே ஒரு வேப்பமரமும் தண்ணீர்த் தொட்டியும்.

கடைசியில் பார்த்தால் பெயர் வீட்டிலேயே இருந்தது. மாமா தான் அடிக்கிற அரிவாளில், பிடிக்குச் சற்று மேலே, மூன்று புள்ளி குத்துவார். முக்கோணமாக. அவருடைய அப்பாவும் அதையே குத்தியிருக்கிறார். முக்கூடல், பாப்பாக்குடி பக்கத்து விவசாயிகள் சந்தையில் "மூணு புள்ளி இருக்கா?" என்று கேட்டு வாங்குவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். இதைவிட வேறு என்ன லோகோ வேண்டும்? தம்பி கம்ப்யூட்டரில் சிங்கமும் வாளும் போட்டு வரைந்ததை மூடிவைத்துவிட்டு, அத்தான் செய்த கத்தி ஒன்றை மாமாவிடம் நீட்டி, புள்ளி குத்தித் தரச் சொன்னேன்.

வாங்கிப் பார்த்தார். கருக்கைத் தடவினார். நல்லா இருக்கு என்றுதான் சொன்னார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஏம்மா, இது நான் அடிச்ச இரும்பில்லையே."

"உங்க மகன் செஞ்சதுதான மாமா?"

"அவன் அறுத்து இழைச்சிருக்கான். அது அவன் வேலை. நல்ல வேலைதான். சம்மட்டி படாததுல எப்படிப் புள்ளி வைக்க?"

அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு முதலில் கோபம். ராத்திரி யோசித்தபோது, இவர் எங்களுக்கு வியாபாரத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார் என்று தோன்றியது. காய்ச்சி அடித்ததற்கு மூணு புள்ளி. இழைத்ததற்கு ஊர்ப் பெயர் மட்டும், சாணைக்கு எங்கே வர வேண்டும் என்று தெரிவதற்காக. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற பஞ்ச் செட் எல்லாம் ஆங்கில எழுத்து. அதனால் அத்தான் ஸ்டிக்கரில் 'வீரவநல்லூர்' என்று வெட்டி ஒட்டி, உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சும் 12 வோல்ட் சார்ஜரும் வைத்து எஃகில் அரித்து எடுக்கிறார். நம் எழுத்தின் சுழி எல்லாம் அதில் அழகாக விழுகிறது. மூணு புள்ளியை மட்டும் டிரேட்மார்க்குக்குக் கொடுத்திருக்கிறோம். கத்தி, கைக்கருவியெல்லாம் டிரேட்மார்க் பட்டியலில் 8-ஆம் வகுப்பு. தனி ஆளுக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய் கட்டணம், ஏஜென்ட் கூலி தனி.

மூணு புள்ளிக் கத்தி 4,500 ரூபாய். ஒருவர் பிடிக்க ஒருவர் சம்மட்டி போட என்று இரண்டு ஆள் நேரம் போகிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. அதையும் கேட்கிறவர்களிடம் மறைப்பதில்லை. விலை கூடியதில் இருப்பது விலை குறைந்த எஃகு. லாரிப் பட்டையை மாமா காந்தம் ஒட்டாத சூடு வரைக்கும் கொண்டுபோய்க் கண்ணாலேயே நிறம் பார்த்து இறக்குகிறார். எஃகின் கடினத்தை அளக்கிற ராக்வெல் கணக்கில் 56, 57 வரும். கீழே விழுந்தாலும் எலும்பில் பட்டாலும் தாங்கும், கூர் சீக்கிரம் தேயும். அத்தானின் என்31 கத்தி 60-இல் நிற்கும். கூர் நாள்பட இருக்கும், ஆனால் தேங்காய் உடைக்க எடுத்தால் கருக்கில் பல் விழும். தினமும் கிலோக்கணக்கில் நறுக்குகிறவரிடம் 3,300 ரூபாய்க் கத்தியையே வாங்கச் சொல்வேன். மூணு புள்ளிக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் மாமாவின் கைக்கு, கூருக்கு அல்ல. இப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று அத்தான் பயந்தார். முதலில் தீர்ந்துபோவது என்னவோ மூணு புள்ளிதான்.

யார் யாரிடம் எந்தக் கத்தி இருக்கிறது என்பதற்கு ஒரு நோட்டு இருக்கிறது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு முழுக்கப் போலீஸ் கெடுபிடி வந்தபோது, பட்டறையில் அரிவாள் வாங்குபவர் பெயர், விலாசம், எதற்கு வாங்குகிறார் என்று குறித்துவைக்கச் சொன்னார்கள். மாமாவுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது, தெரிந்த முகத்திடம் விலாசம் கேட்பதா என்று. நான் அதே நோட்டில் சாணை பிடித்த தேதிக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு ஒரு வருஷம் ஆனவர்களுக்கு நானே போன் போட்டு "கத்தி எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன். புதிய ஆர்டரில் பெரும்பங்கு அந்தப் பேச்சிலிருந்து வருகிறது.

போன மாதம் சென்னையில் ஒரு கடை மொத்தமாகக் கேட்டது. 40 சதவீதம் கழிவு வேண்டுமாம். 2,796-இல் 40 போனால் 1,678, அடக்கத்துக்கும் கீழே. கழிவுக்கு இடம் விட்டு விலையை ஏற்றினால் வரியோடு 4,300 பக்கம் நிற்கும், அதிலும் லாபம் பூஜ்யம். நேரில் வாங்குகிறவருக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை என்று வைத்தால் மாஸ்டர் முகத்தில் நான் விழிக்க முடியாது. கடைக்கென்று வேண்டுமானால் சின்னப் பழக் கத்தி செய்யலாம். எஃகு மிச்சத்தில் வரும், இரண்டு மணி நேர வேலை. அதற்கு அடக்கம் இன்னும் போட்டு முடிக்கவில்லை.

பெல்ட் விலை ஏறிவிட்டதால் சமையல் கத்தி தை முதல் 3,500. முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் இருக்கிறது. அது ஆறி, சூட்டின் நிறம் முன்போலத் தெரிகிறது என்று அவர் சொல்கிற வரைக்கும் மூணு புள்ளிக்குப் புது ஆர்டர் எடுக்கவில்லை.